தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

“இது ஆற்ற பிள்ளை?”

“உங்கட பிள்ளை, மச்சாள்.”

“வடிவாச் சொல்லு. பிறகு உரிமை கொண்டாட மாட்டியே?”

“மாட்டன்.”

“சத்தமாச் சொல்லு பிள்ளை. யமனுக்கும் கேக்க வேணும்!”

அன்றைக்குக் கூடத்திலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். இராசமலரும் சிரித்தாள். அவளுக்கு முன்பு பிறந்த இரண்டு பிள்ளைகளும் அவள் மடியிலேயே போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தையாவது தங்க வேண்டுமென்று, பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த நாளில், புருசனின் மூத்த சகோதரி ஞானமணிக்கு அதை விற்றார்கள். விலை ஒரு சுளகு தவிடு. பெற்றவளின் பிள்ளை என்று தெரிந்தால்தானே யமன் தேடி வருவான்? தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எவன் மதிப்பான்? விளையாட்டுத்தான். ஆனால் நெஞ்சு நடுங்க நடுங்க ஆடுகிற விளையாட்டு.

ஞானமணி குழந்தையை வாங்கி உச்சி மோந்துவிட்டு, “என்ர பிள்ளையை எனக்காக வளர்த்துத் தா” என்று திரும்ப இராசமலரின் மடியிலேயே கிடத்தினாள். வழக்கம் அதுதான். கூடவே ஒரு கட்டும் உண்டு. விற்றவள் தன் வாயால் பிள்ளையைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் யமனுக்கு எல்லாம் விளங்கிவிடும். கேட்பதென்றால் தகப்பன் கேட்கலாம். குழந்தை மடியில் கிடக்கும்போது இந்தக் கட்டை யார் பெரிதாக எடுத்தார்கள்?

அது மாசி மாதம். பங்குனியில் யப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டான். எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை நாட்கணக்காக வானத்தை மூடிக் கிடந்தது. சனம் காட்டுக்கும் மலைக்குமாக ஓடியது. இராசமலர் அப்போது மலேரியாவில் விழுந்து கிடந்தாள். பால் வற்றிவிட்டது. “ஒரு மாசம் மலையில வைச்சிருக்கிறன், நீ சுகமாகி எழும்பு” என்று ஞானமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருசனோடு மாத்தளைப் பக்கம் போனாள். ஒரு மாதம் மார்கழி வரை நீண்டுவிட்டது.

மார்கழி மழை லொறியின் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. கருவாடு ஏற்றி மாத்தளைக்குப் போய், மறுநாள் மரக்கறியோடு திரும்புகிற லொறி. ஓட்டுபவர் மூதூர் அப்துல் மஜீத்; எல்லாருக்கும் ‘காக்கா’, அதாவது அண்ணன். இராசமலர் கதவோரம் இருந்தாள். நடுவில் அவள் புருசன் குணரத்தினம், இரண்டு நாள் லீவுக்கு நாலு மாதம் மன்றாடிய துறைமுகக் களஞ்சிய எழுத்தர். அவன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, மந்திரமா?”

“இல்லைக் காக்கா. அக்காட்ட என்னெண்டு கேக்கிறதெண்டு...”

“எங்க, சொல்லு பாப்பம்.”

குணரத்தினம் தொண்டையைச் செருமினான். “அக்கா, நீங்கள் செய்த உதவியை நாங்கள் ஒரு காலமும் மறக்க மாட்டம். இப்ப நிலைமை கொஞ்சம் சீராகியிருக்கிறபடியால், உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லையெண்டால்...”

மஜீத் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். “இது புள்ள கேக்கிற கதையா? துரையிட்ட லீவு கேக்கிற கதை மாதிரியல்லவா கிடக்கு!”

“அவதானே காக்கா என்னை வளத்தவ. அம்மா செத்த பிறகு...”

“அதுக்காக? தங்கச்சி, இவர் கேக்க மாட்டார். நீயே கேட்டுப்போடு.”

“நான் கேக்கேலாது, காக்கா,” என்றாள் இராசமலர். காரணத்தையும் சொன்னாள்.

மஜீத் லொறியின் வேகத்தைத் தணித்தார். பிறகு, “குண்டு போட வந்தவன் ஆற்ற புள்ளையெண்டு விசாரிச்சா போட்டான்? என்ட மச்சானும் அண்டைக்குத்தான் குண்டுபட்டு மௌத்தானவர்,” என்று சொல்லி, கண்ணாடியைத் துணியால் துடைத்தார்.

கந்தளாய் தாண்டியதும் ஒரு தாழ்ந்த பாலத்தின் மேல் வெள்ளம் பாய்ந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து பட்டாள லொறிகள் வரிசையாக வந்தன. அவை போகும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். நின்றார்கள். அப்போதுதான் காட்டுப் பக்கமிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் ஓடி வந்தார்கள். பெண்ணின் கையில் சாக்கில் சுற்றிய ஒரு பொடியன், நாலு வயது இருக்கும். குண்டுக்குப் பயந்து ஓடி, பங்குனியிலிருந்து காட்டுக் குடிசையிலேயே கிடந்த சனம்.

“ஐயா, காய்ச்சல், நடுங்குது. திருகோணமலை ஆசுபத்திரிக்கு...”

“நான் மற்றப் பக்கமெல்லோ போறன்,” என்று மஜீத் தலையில் கை வைத்தார். அடுத்த கணம் மழையில் குதித்து, பட்டாள லொறிகளை நோக்கிக் கையை ஆட்டத் தொடங்கினார். குணரத்தினமும் இறங்கி, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கத்தினான். தாயும் தகப்பனும் ஒவ்வொரு லொறியின் முன்னாலும் கும்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். ஓடுவதற்கு முன் தாய் பிள்ளையை இராசமலரின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

சாக்கு நனைந்திருந்தது. உள்ளே உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. இராசமலர் தன் சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள். “கொம்மா வாறா, ராசா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பற்கள் கிடுகிடுத்தன. பிறகு கிடுகிடுப்பு நின்றது. காய்ச்சல் விட்டதென்று ஒரு கணம் அவள் சந்தோசப்பட்டாள். மறுகணம் அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு தரம் பழகிய மடியல்லவா?

கடைசியில் ஒரு லொறி நின்றது. தாய் சிரித்த முகத்தோடு ஓடி வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். இராசமலர் பிள்ளையைக் கொடுத்தாள். அந்தப் பெண் முகத்தில் கிடந்த சாக்கை விலக்கிப் பார்த்தாள். அழவில்லை. சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டு, நின்ற லொறியைப் பார்க்காமல், வந்த வழியே காட்டுக்குள் நடந்தாள். தகப்பன் பின்னால் போனான்.

லொறி ஹபறணையைத் தாண்டியது. பிறகு குணரத்தினம் மெல்லச் சொன்னான்:

“இதைப் பாத்த பிறகும் பிள்ளையை இஞ்சால கொண்டு வரச் சொல்லுறியா, மலர்? அங்க காய்ச்சல் இல்லை, குண்டு இல்லை.”

இராசமலரின் மனதில் வந்தது வேறு. கடைசிவரை அந்தத் தாயின் கைக்கு எட்டுகிற தூரத்திலாவது அந்தப் பிள்ளை இருந்தது. இப்படி ஒரு பொறாமை ஒரு பெண்ணுக்கு வரலாமா என்று அவளுக்கே கூசியது. முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாத்தளைக்கு மேலே, இறத்தோட்டை மலைக் கிராமத்தில் ஞானமணியின் வீடு இருந்தது. ஓட்டு வீடு. ஐந்து அறை. மூன்றைக் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் ஓடி வந்த குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டுச் சமைத்தும் போட்டாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. படியேறும்போதே காலில் அட்டை பிடித்தது.

“வா தம்பி! நல்லா மெலிஞ்சு போனாய். மலர், காலைக் கழுவு. கோப்பி ஊத்துறன்.” ஞானமணியின் இடுப்பில் குழந்தை இருந்தது. குண்டுக் கன்னம், கம்பளிச் சட்டை, காலில் வெள்ளித் தண்டை. இராசமலர் கையை நீட்டினாள். குழந்தை அவளை ஒரு தரம் பார்த்தது. பிறகு வீரிட்டு அலறி, ஞானமணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ம்மா” என்றது.

“புது முகம், அதுதான்,” என்றாள் ஞானமணி.

வாடகைக்கு இருந்த கொழும்பு அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, “இவதான் தம்பி பெண்சாதியே? பாருங்கோ, பிள்ளையின்ர மூக்கும் வாயும் அப்பிடியே ஞானமணியம்மாதான். பதினைஞ்சு வருசம் தவமிருந்தாலும் கடவுள் உரிச்சு வைச்சுக் குடுத்திட்டார்,” என்றாள்.

ஞானமணி மறுக்கவில்லை. இராசமலர் கோப்பியைக் குடித்தாள்.

சாப்பாட்டின்போது ஞானமணியின் புருசன் கதிர்காமத்தம்பி சொன்னார்: “தைப்பொங்கலோட நாங்கள் பண்டாரவளைக்குப் போறம், தம்பி. அங்க ஒரு கடை எடுத்திருக்கிறன். இனி அதுதான் எங்கட இடம். இந்தப் பக்கம் வாறது கஷ்டம்.”

இராசமலர் புருசனைப் பார்த்தாள். குணரத்தினம் சோற்றைப் பிசைந்தான். மழையைப் பற்றிச் சொன்னான். கூப்பன் அரிசியில் கல் கூடிவிட்டதைப் பற்றிச் சொன்னான். கருவாட்டு லொறியில் வந்ததால் உடுப்பெல்லாம் நாறுகிறது என்று சொல்லித் தானே சிரித்தான். கடைசியில், “பண்டாரவளை நல்ல இடம், அத்தான்,” என்றான்.

அன்றிரவு அவர்களுக்கு ஓர் அறை கிடைத்தது. சுவருக்கு அப்பால் குழந்தை இருமுவதும், ஞானமணி எழும்பித் தட்டிக்கொடுப்பதும் கேட்டது. பக்கத்தில் கிடந்த குணரத்தினம் விழித்துத்தான் இருந்தான். அவன் மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்தது.

விடிந்ததும் ஞானமணி குசினியில் குழந்தையைக் குளிக்க வார்த்தாள். இராசமலர் வெந்நீர் விளாவிக் கொடுத்தாள். பனி யன்னலுக்குள்ளே வந்து நின்றது.

“நீ ஏன் வந்தனியெண்டு எனக்குத் தெரியும்,” என்றாள் ஞானமணி, திரும்பிப் பாராமல். “தம்பி கேக்க மாட்டான். அவனைப் பற்றி எனக்குத் தெரியாதே? ஏழு வயசில என்ர சேலைக்குள்ள ஒளிச்சவன், இன்னும் வெளியில வரேல்லை.”

இராசமலர் செம்பைப் பிடித்தபடி நின்றாள்.

“நீ கேக்கேலாது. கேட்டா உனக்கொண்டுமில்லை, இதுக்குத்தான் கூடாது. ரெண்டை யமனுக்குக் குடுத்திட்டாய். காணாதே?”

குழந்தை தண்ணீரைத் தட்டி விளையாடியது. ஞானமணியின் குரல் தணிந்தது. “நான் கெட்டவளில்லை, மலர். இது இருமினா நான் கண் மூடுறேல்லை. வந்த புதிசில பால் குடியாமல் மூண்டு நாள் கத்திச்சுது. விளக்குக் கொளுத்த எண்ணெயில்லாத வீட்டில இருட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு நடந்தனான். அங்க கொண்டுபோய் என்ன செய்யப்போறாய்? அபாயச் சங்கு ஊதினவுடன பங்கர்க் குழிக்குள்ள தூக்கிக்கொண்டு ஓடப்போறியா?”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இராசமலரை வாட்டியது.

“நேற்று வழியில ஒரு பொடியன் என்ர மடியில செத்தவன், மச்சாள்.”

ஞானமணி சட்டென்று குழந்தையைத் துவாயோடு அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். “அதுக்குத்தான் சொல்லுறன்!”

“தாய் வந்து கையை நீட்டினவ. நான் குடுத்தனான். உயிரில்லாத பிள்ளை. எண்டாலும் அவவின்ர பிள்ளை. ‘நீ காட்டுக்க வைச்சுக் காய்ச்சல் வர விட்டனி, தர மாட்டன்’ எண்டு நான் சொல்லேல்லை.”

கீழே ரோட்டில், அவர்களை ஏற்றிப்போக வந்த மஜீத்தின் லொறி ஹோர்ன் அடித்தது. ஒரு தரம். மறுபடியும். குணரத்தினம் பையோடு குசினி வாசலில் வந்து நின்றான். அவன் கண்கள் அக்காவிடமிருந்து பெண்சாதியிடம் வந்து, அங்கேயும் நிற்கமாட்டாமல் நிலத்துக்குப் போயின.

“அப்ப... நாங்கள் வாறம், அக்கா,” என்றான்.

“ஓம் தம்பி. வழி பத்திரம். மலர், நேரமாகுது பிள்ளை.”

இராசமலர் செம்பைக் கீழே வைத்தாள். கூடத்தில் கிடத்திய இரண்டு சின்ன உடம்புகளும் கண்ணுக்குள் வந்தன. காய்ச்சல், சங்குச் சத்தம், எண்ணெய்த் தாங்கியின் கரும்புகை, எல்லாம் வந்தன. இந்த வாய் திறந்தால் என்ன நடக்குமோ அவளுக்குத் தெரியாது. யமன் எந்தச் சுவரோடு காது வைத்து நிற்கிறானோ, அதுவும் தெரியாது. திறக்காவிட்டால் நடப்பது மட்டும் தெரியும். தைப்பொங்கலுக்குப் பிறகு இந்த முகம் பண்டாரவளையில் வளரும். அவள் யாரென்று அதற்கு ஒருநாளும் தெரியாது.

துவாய்க்குள்ளிருந்து குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. இந்தத் தடவை அழவில்லை.

“மலர், வா,” என்றான் குணரத்தினம், வாசலில் நின்று.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“நான்தான் கேக்கிறன், மச்சாள். அவர் கேக்கேல்லை, நான் கேக்கிறன். என்ர மகளைத் தாங்கோ.”