ராயப்பனின் ஈரல்

கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன கல்வராயன் மலைக்கு வாரந்தோறும் வேன் ஓட்டிப் போய்வருகிற ஆள் சாராயத்தைத் தொடமாட்டான் என்றால் கள்ளக்குறிச்சியில் யார் நம்புவார்கள்? பனைமரத்தடியில் பால் குடித்த கதைதான். ராயப்பன் ஏற்றிவந்ததெல்லாம் கடுக்காயும் புளியும். அவன் மனைவி இஞ்ஞாசியம்மாள் அதை நம்பினாள். குடித்தே செத்த அப்பனுக்குப் பிறந்தவள். குடிக்காத மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக ராயப்பனுக்குக் கழுத்தை நீட்டியவள்.

ராயப்பனுக்கு வயிறு மந்தமாக இருக்கிறதென்று ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு, இரண்டாவது கிரேடு என்று வந்தது. ஈரல் கெட்டால் அது குடியால்தான். இஞ்ஞாசியம்மாளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவே.

"மாதா மேல சத்தியமா நான் தொட்டதில்ல இஞ்ஞாசி."

"எங்கப்பனும் மாதா மேலதான் சத்தியம் பண்ணுவாரு. ரத்த டெஸ்ட்டுல இன்னா வருதுன்னு பாப்போம். குடிச்சது நெசம்னா நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். இந்த மனிதனை விட்டுவிட்டு எங்கே போவது?

ரிசல்ட் வந்தது. டாக்டர் ஜெயசுதா தாளைப் புரட்டும்வரை அவளுக்குப் பொறுக்கவில்லை.

"குடிச்சிருக்காரா? மறைக்காம சொல்லுங்கம்மா."

"ரத்தத்த மட்டும் பாத்து அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஈரல் டெஸ்ட்டுல குடிக்கறவங்களுக்குப் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி.ங்கற அளவுதான் தூக்கலா நிக்கும். இவருக்கு எஸ்.ஜி.பி.டி. ஜாஸ்தி. சுகரும் ரத்தக் கொழுப்பும் ஏறிக் கிடக்கு. இது சாப்பாட்டால வந்ததாத்தான் தெரியுது. வீட்ல யாரு சமையல்?"

"நான்தாங்க!" என்றாள் இஞ்ஞாசியம்மாள், முகமெல்லாம் பல்லாக. குற்றத்தை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்டவரை டாக்டர் பார்த்திருக்கமாட்டார்.

மூன்று வேளையும் குவித்த சோறு, டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை, ராத்திரி மேலுக்கு இரண்டு பரோட்டா. குடிக்காத புருஷனுக்குக் கும்பிடு போட முடியுமா? சோறாகப் போட்டாள். எடையைக் குறைத்து, தினமும் நடந்தால் ஈரல் தேறிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது ராயப்பன் வேனை ஓரங்கட்டினான்.

"இத்தன வருஷமா என்னோட குடும்பம் நடத்திக்கினு இருக்க. டாக்டரம்மா சொன்னாத்தான் நம்புவியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "தப்புதாங்க. ஸ்கேன பாத்ததும் எங்கப்பன் மூஞ்சிதான் தெரிஞ்சுது. பயந்துட்டேன்."

அவன் வண்டியை எடுத்தான். வீடு வரைக்கும் பேசவில்லை.

சாயங்காலம் கொஞ்சம் சோறும் நிறையக் கீரையுமாக வைத்தாள். அவன் வழித்துத் தின்றுவிட்டுத் தட்டை நீட்டினான்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடு."

அவன் வாய்திறந்து பேசியதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. கை தானாகக் கரண்டிக்குப் போனது. அவன் கேட்டு அவள் இல்லையென்று சொன்னதே கிடையாது. கரண்டியை வைத்துவிட்டுப் பானையை மூடினாள்.

"போதும், எழுந்து கை கழுவுங்க. எனக்கு நீங்க ரொம்ப நாளைக்கு வேணும்."