பத்தாம் நாள் தாள்

கதை எழுதிப் பழக்கமில்லாத கை இது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் நடப்பதை வெளியே எடுத்து வைப்பது மரியாதையாகுமா என்று பலமுறை தயங்கிய பிறகே எழுதத் துணிந்தேன். குணவதியைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். சொற்களில் பிழை இருப்பின் அதற்கும் மன்னிப்பைக் கோருகிறேன்.

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் குடியிருப்பவர் குணவதி. பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஆனால் அந்தக் கட்டடத்துப் பெண்களிடையே அவருக்கிருந்த பெயர் வேறு. யார் பிள்ளை பெற்றாலும் பத்தியச் சமையலுக்கு, எண்ணெய்க் குளியலுக்கு, வயிற்றுக் கட்டுக்கு அவரிடம்தான் வந்து நிற்பார்கள். ஆகவே, தாயில்லாத தங்கை துளசிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, "என் தங்கச்சிய நான் பாக்காம வேற யாரு பாப்பா?" என்று விடுப்பு எடுத்துக்கொண்டு தம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். துளசியின் கணவர் மோகனராஜ் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்; ஞாயிறுதோறும் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். குழந்தைக்கு லோஷினி என்று பெயர் வைத்தார்கள்.

ஐந்தாம் நாள் துளசி அழத் தொடங்கினாள். பால் சுரக்கவில்லை என்று அழுதாள். சுரந்தபோது அதற்கும் அழுதாள்.

"பிள்ளயத் தூக்கவே பயமா இருக்குக்கா. அந்த ஜன்னல் பக்கம் போனா கால் நடுங்குது. குதிச்சிருவேனோன்னு தோணுது."

"வாய மூடு. நல்ல நேரத்துல என்னா பேச்சு இது? வயித்துல காத்து ஏறியிருக்கு, வேற ஒண்ணுமில்ல."

பத்தியத்தில் ஒரு வாய் பிராண்டி கொடுப்பது இங்கே பல வீடுகளில் உள்ள வழக்கம். நாட்டுக்கோழி ரசத்தோடு கொடுத்தால் உடம்பில் சூடு ஏறும், காற்று இறங்கும் என்பார்கள். அதற்கென்றே குணவதியிடம் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அன்று அதில் அரைக் கிண்ணம் ஊற்றினார். துளசி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். சிறிது நேரத்தில் அழுகை நின்று, கண் அயர்ந்தாள். மறுநாள் முழுக் கிண்ணம் ஊற்றினார். அதற்கும் மறுநாள், துளசியே கிண்ணத்தை நீட்டினாள். அழுகை நின்றுவிட்ட நிம்மதியில், அந்த அழுகை எதனால் வந்தது என்று கேட்கக் குணவதிக்குத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் அரசாங்க கிளினிக்கிலிருந்து தாதி சலேஹா வந்தார். எல்லாருக்கும் அவர் மிஸ்ஸி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அவர் கண்ணில் படக்கூடாதென்று குணவதி போத்தலை அரிசி வாளிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்.

"துளசி, தூக்கம் வருதாம்மா?"

"நல்லா தூங்குறா மிஸ்ஸி," என்றார் குணவதி.

"சும்மா சும்மா அழுகை வருதா?"

"அதெல்லாம் இல்ல லா."

"அக்கா, பிள்ள பெத்தது நீங்களா, அவங்களா? எல்லாப் பதிலும் உங்க வாயிலேர்ந்தே வருது!"

மூவரும் சிரித்தார்கள். துளசியும் சிரித்ததால் மிஸ்ஸிக்குச் சந்தேகம் வரவில்லை. மனநிலையைப் பற்றிய பத்துக் கேள்விகள் அச்சடித்த ஒரு தாளை, தாய்மார்களுக்குத் தரும் பிங்க் புத்தகத்துக்குள் வைத்தார். "இத அவங்க கையாலயே போடச் சொல்லுங்க. அடுத்த தடவ வந்து பாக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

துளசியின் கையில் குழந்தை இருந்தது. குணவதிதான் பேனாவை எடுத்தார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை தயக்கமின்றி, ஒரு குறையும் இல்லை என்று பொருள்படும் சைபரை வட்டமிட்டார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்பது பத்தாவது கேள்வி. பேனா நின்றது. துளசி ஜன்னலைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மன வியாதி என்று ஒருமுறை எழுதிவிட்டால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்? குணவதி பத்தாவது சைபரையும் வட்டமிட்டார். அடுத்த முறை வந்த மிஸ்ஸி தாளைப் பார்த்துவிட்டுப் புத்தகத்திலேயே வைத்துவிட்டார்.

முப்பதாம் நாள் துளசி தன் வீட்டுக்குத் திரும்பினாள். பிரசவ மருந்துப் பொடி, பூண்டு ஊறுகாய் இவற்றோடு மிச்சமிருந்த போத்தலையும் பைக்குள் வைத்து, "இடுப்பு வலிச்சா கொஞ்சம் போட்டுக்க," என்று வழியனுப்பினார் குணவதி.

அதன் பிறகு நடந்தவற்றை அவர் தொலைபேசியில்தான் கேட்டார். ஆறாம் மாதம், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் மோகனராஜ் நான்கு காலிப் போத்தல்களைக் கண்டெடுத்தார். ஒன்பதாம் மாதம், துளசி ஏழு ஆண்டுகளாகப் பார்த்துவந்த வேலை போயிற்று. பதினோராம் மாதம் மோகனராஜ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாலிக் புலாவிலுள்ள தம் தாயாரின் வீட்டுக்குப் போய்விட்டார். துளசி ஒரு பையோடு அக்காவின் வாசலில் வந்து நின்றாள். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது நீதிமன்றத்துக்குப் போயிற்று.

நீதிமன்றத்துக்கு மருத்துவ அறிக்கை தேவைப்பட்டது. மருத்துவமனையின் மனநலப் பிரிவில் டாக்டர் தயாளன் பிங்க் புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார்.

"துளசி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் குடுக்கற மருந்தும் எழுதற ரிப்போர்ட்டும் இதப் பொறுத்துத்தான் இருக்கு. அழுகை முதல்ல வந்துச்சா, குடி முதல்ல வந்துச்சா?"

துளசி அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை. "குடிதான் டாக்டர். ஒரு கல்யாண டின்னர்ல ஃப்ரெண்ட்ஸோட பழகுனது."

"இந்தத் தாளும் அதத்தான் சொல்லுது. பத்துக்குப் பத்தும் சைபர்." டாக்டர் நிமிர்ந்தார். "அக்கா, நீங்கதானே பத்தியம் பாத்தீங்க? உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

 குணவதி டாக்டரின் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

திரும்பும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே குணவதி கேட்டார். "ஏண்டி அப்படிச் சொன்ன?"

"வேற என்னா சொல்ல? எல்லாரும் போயிட்டாங்க. நீ ஒருத்திதான் மிச்சம். உன்னையும் மாட்டி விட்டுட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

குணவதிக்குச் சாலை மங்கலாகத் தெரிந்தது. வண்டியைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

நான்கு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. குழந்தை தகப்பனிடம் இருக்கும். தாய் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், மாமியார் உடனிருக்கப் பார்க்கலாம்.

அதற்கும் இரண்டு வாரம் கழித்து, மூன்றாம் மாடி மோகனா நிறைமாத வயிற்றோடு கணவர் ராமதாஸையும் அழைத்துக்கொண்டு வந்தாள். ராமதாஸ் துண்டில் சுற்றியிருந்த போத்தலை மேசைமேல் வைத்தார்.

"லங்காவிக்குப் போனப்ப வாங்குனதுக்கா. அங்க வரி இல்ல, நல்ல சரக்கு. மோகனாவுக்கு நீங்கதான் பத்தியம் பாக்கணும். துளசிக்குப் பாத்த மாதிரியே பாத்துருங்க."

மோகனா கணவரின் தொடையைக் கிள்ளினாள். துளசி குடிப்பது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். எப்படித் தொடங்கியது என்பதுதான் எவருக்கும் தெரியாது. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த துளசியின் கத்திச் சத்தம் நின்றது.

குணவதி போத்தலை எடுத்து ராமதாஸின் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"இத எடுத்துட்டுப் போங்க தம்பி. துளசிக்குப் பாத்த மாதிரி இனிமே யாருக்கும் பாக்க மாட்டேன். அவளுக்கு மொதக் கிண்ணத்த ஊத்துனது நான்தான்."

ராமதாஸ் எழுந்துவிட்டார். குணவதி மோகனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சோறு நான் ஆக்கித் தர்றேன்மா. ஆனா அழுகை வந்தா மறைக்காம சொல்லணும். மிஸ்ஸிகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அவங்க கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

அவர்கள் போன பிறகு துளசி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு பிளாக் முழுக்கப் பேசுவாங்கக்கா."

"பேசட்டும்."

"இப்பச் சொல்லி என்னா ஆகப் போவுது?"

 துளசி கண்களைத் துடைத்துக்கொண்டாள். அது வெங்காயத்தால் என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை குணவதி மருத்துவமனைக்குத் தனியாகப் போனார். டாக்டர் தயாளனின் மேசைமீது, பிங்க் புத்தகத்திலிருந்த அந்தத் தாளை விரித்து வைத்தார்.

"இதுல வட்டம் போட்டது நான் டாக்டர். அவ போட்டது இல்ல. அழுகைதான் முதல்ல வந்துச்சு. ஜன்னலப் பத்திக்கூட எங்கிட்ட சொன்னா. நான் அவ வாய அடைச்சு பிராண்டியக் குடுத்தேன்."

டாக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்து, பத்தாவது கேள்வியில் விரலை வைத்தார். 

"ஆறு வாரத்துக்கு முன்னாடி இதச் சொல்லியிருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பேங்க," என்றார். "பரவால்ல. அவங்கள வரச் சொல்லுங்க. புதுசா ஆரம்பிப்போம்."

மருந்து மாறியது. டாக்டர் புதிய அறிக்கை ஒன்றை எழுதினார். தீர்ப்பை மாற்றக் கேட்கலாம், ஆனால் துளசி ஓராண்டாவது குடியின்றி இருந்து காட்ட வேண்டும் என்றார் வழக்கறிஞர். அவள் குடியை விட்டு இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. மிஸ்ஸி சலேஹா விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்து, குணவதி பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

இழந்தவை இவை.

துளசியின் ஏழு ஆண்டு வேலை. அவளுடைய திருமணம். குழந்தைக்குச் சேர வேண்டிய தாய்ப்பால். லோஷினியின் முதல் பிறந்த நாள். அவள் வைத்த முதல் அடி. அம்மா என்ற சொல். அதை அவள் இப்போது தன் பாட்டியைப் பார்த்துச் சொல்கிறாள். பத்தியச் சமையலில் குணவதிக்கு இருந்த நல்ல பெயர். அதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஐந்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் மாதம் வரை, துளசி உண்மையைத் தன் வாயால் சொல்ல முடியாமல் போன நாட்கள்.