வடக்குப் பார்த்த பேனல்கள்

பேனலில் தூசி படிந்திருப்பதால்தான் மோட்டார் மூன்று மணிக்கே நின்றுவிடுகிறது என்று தங்கவேல் சார் சொல்லியிருந்தார். அதனால் தை பிறந்ததிலிருந்து செல்வகுமாரி தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாக வந்து, மூன்று கம்பங்களில் இருந்த பதினைந்து சோலார் பேனல்களையும் துடைத்தாள். இருபத்து மூன்றாம் நாள் அவற்றில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றும் மோட்டார் மூன்று மணிக்கே நின்றது.

அபிஷேகப்பாக்கத்தில் அவளுக்கு இரண்டு காணி குத்தகை. நிலமும் போர்வெல்லும் சாருடையவை. தண்ணீர் முதலில் மேட்டிலிருக்கும் அவருடைய கரும்புக்குப் போகும். அது வயிறு நிறையக் குடித்த பிறகு, ஒரு மணி வாக்கில், வாய்க்கால் இவள் நெல்லுக்குத் திரும்பும். இரண்டு மணி நேரத்தில் ஏழு கழனியில் நான்கு நனையும். கடைக்கோடி மூன்றும் வெடித்துக் கிடந்தன. நவரைப் பட்டத்து நெல், கதிர் தலைகாட்டும் நேரம். இந்தப் பத்து நாளில் மண் காய்ந்தால் கதிர் வரும். உள்ளே அரிசி இருக்காது, பதர்தான் மிஞ்சும்.

பேனல் வெயிலை வாங்குவதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. மழையில் முறத்தை நீட்டுவது போலத்தான். மழைக்கு நேராக நீட்டினால் நிறைய விழும். முதுகைக் காட்டிச் சாய்த்தால் ஓரமாக நாலு துளிதான் படும். சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்து போகிறதோ அந்தப் பக்கம் முறத்தைக் காட்ட வேண்டும். இது ஆட்டுக்குட்டிக்குத் தெரியும். தையில் அது தெற்குச் சுவர் ஓரமாகப் போய்த்தான் வெயில் காய்கிறது. தங்கவேல் சாருக்குத்தான் தெரியவில்லை.

அவர் முப்பத்திரண்டு வருஷம் புவியியல் ஆசிரியர். செல்வகுமாரியும் அவரிடம் படித்தவள்தான். கடக ரேகை, மகர ரேகை, வெப்ப மண்டலம், மிதவெப்ப மண்டலம் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கண்ணைத் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை.

போன வைகாசியில் பேனல் மாட்ட வந்த வில்லியனூர் மரியதாஸ், நம்மூருக்குத் தெற்குப் பார்த்துச் சாய்க்க வேண்டும் என்றான். சாருக்கு முகம் கறுத்துவிட்டது. தெற்கு எமன் திசை. அவர் வீட்டில் வாசல், அடுப்பு, மாட்டுத் தொட்டி எதுவும் தெற்கே பார்க்காது. ஆனால் படித்த மனிதர் ஒரு மெக்கானிக்கிடம் எமனுக்குப் பயம் என்று சொல்லலாமா? நாம் இருப்பது வடக்கு அரைக்கோளம், ஆகவே பேனலும் வடக்கே பார்ப்பதுதான் விஞ்ஞானம் என்று விளக்கினார். மரியதாஸ், அவர் சொன்னபடிதான் மாட்டினேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வடக்கே மாட்டிவிட்டுப் போனான்.

கொடுமை என்னவென்றால், அது வேலை செய்தது. நம்மூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டு டிகிரியில் இருக்கிறது. கடக ரேகையோ இருபத்து மூன்றரையில். சூரியன் அந்த ரேகை வரைக்கும் போய்த் திரும்பும்போது நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, அப்புறம் ஆவணித் தொடக்கம் வரைக்கும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கேதான். வைகாசியில் மாட்டியதிலிருந்து ஆவணி வரைக்கும் பேனல்கள் வெயிலை அள்ளின. சார் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஐப்பசி, கார்த்திகையில் மழை. யாருக்கும் மோட்டார் தேவைப்படவில்லை. மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே இறங்கியபோது, பேனல்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குபேரனைப் பார்த்து நின்றன.

செல்வகுமாரி அவர் வீட்டுக்குப் போய்த் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் உலக உருண்டையை எடுத்து வைத்துச் சுழற்றினார். கூடத்தில் உட்கார்ந்திருந்த விருந்தாளிகளிடம், பரீட்சையில் பூமத்திய ரேகையை இலங்கைக்கு மேலே போட்டவள் இவள் என்று அறிமுகப்படுத்தினார். அவர்கள் சிரித்தார்கள்.

"ஆமா சார், தப்பாத்தான் போட்டேன்" என்றாள். "நாளைக்கு பன்னண்டு மணிக்கு வெளிய வந்து நில்லுங்க. ஒங்க நெழலு எந்தப் பக்கம் வுழுதுன்னு பாருங்க. அது போதும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? பேனல்ல கை வச்சின்னா சித்திரையோட குத்தகை இல்ல. ஞாபகம் வச்சிக்க."

திரும்பி வரும் வழியில் அவளுக்குக் கோபம் கூட வரவில்லை. இந்த ஆளுக்குப் பயந்து பிரம்படிக்குக் கை நீட்டினோமே என்றுதான் கூச்சமாக இருந்தது. மரியதாஸுக்குப் போன் செய்தாள். சாரிடம் கையெழுத்து வாங்கியிருப்பதால் தான் வந்து தொட முடியாது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, கம்பத்தின் கழுத்தில் நாலு நட்டு இருக்கும், ரெண்டு சுற்று தளர்த்தினால் போதும், கழற்றக் கூடாது என்றான்.

"கெழக்கால சுத்துங்கக்கா. ஒயரு எட்டும். இந்தாளு எப்பனா ஒருநாளு திருப்புவாருன்னு அன்னைக்கே ரெண்டு முழம் சேத்து வுட்டேன்."

மறுநாள் காலை அவளும் ஓர்ப்படி, கொழுந்தன் பெண்டாட்டி மஞ்சுளாவும் ஸ்பேனருடன் போனார்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். மூன்றாவது கம்பம் மட்டும் துருவேறி அடம்பிடித்தது. அது சாருக்குச் சொந்தம் போல என்றாள் மஞ்சுளா. ஒன்பது மணிக்கு மோட்டார் ஓடியபோது குழாயில் தண்ணீர் முழ நீளத்துக்கு எட்டிப் பாய்ந்தது. பன்னிரண்டுக்கெல்லாம் கரும்பு குடித்து முடித்துவிட்டது.

மூன்றரை மணிக்கும் மோட்டார் சத்தம் கேட்டு, சார் வரப்பில் வந்தார். பேனல்களைப் பார்த்தார்.

"யாரக் கேட்டுத் திருப்பின?"

"யாரையும் கேக்கல." அவள் ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள். "கழுத்துல நாலு நட்டு சார். நீங்களே வடக்கால திருப்பி வச்சிடுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். அதை எந்தப் பக்கம் பிடிப்பதென்று ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பத்துக்குப் போக முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். ஒரு செருப்பைக் கழற்றினார்.

செல்வகுமாரி அதற்குமேல் அவரைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஆறாவது கழனியின் மடையை வெட்டினாள். தண்ணீர் வைக்கோல் தூசியை முன்னால் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, குமிழ்விட்டு, நிரம்பி, அடுத்த வெடிப்புக்கு வந்தது. வெயில் மேற்கே பனைமரத் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் இன்னும் ஓடியது. கடைசிக் கழனிக்கு இன்னும் பத்தடி இருந்தது.