கீழே வராத பந்து

தீபாவுக்கு எந்தத் தொடரும் மூன்றாவது எபிசோடைத் தாண்டாது. சேவூர் வீட்டில் தறியில் உட்கார்ந்துவிட்டால், முந்தின நாள் போனில் பார்த்த ஜப்பான் அனிமே கார்ட்டூன் தொடர்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவாள். புடவையின் உடலை அவள் நெய்ய, வலது பக்கக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளித் தருவது கணவன் கமலக்கண்ணன். அவன் அந்தத் தொடர்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

“அந்தக் கத்திக்காரன் கத சுத்த பேஜாருங்க. ஒருத்தன வெட்டிட்டு ஒரு எபிசோடு முச்சூடும் அழுவுறான். வுட்டுட்டேன். சமையல்காரி கத தேவல. ஆனா அவ சூப்பு கொதிக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுச்சு.”

“பாத்துகினு இருந்தியே, அந்தப் பந்தாட்டம்?”

“அதுவா? கடைசிப் பந்து. குட்டப்பையன் எகிறி அடிச்சான். பந்து மேல போவுது, போவுது, போய்கினே கீது. இவன் நடுவுல அவங்கம்மாவ நெனச்சிகினு கிறான். யாரு காத்துகினு இருக்கறது? அதையும் வுட்டுட்டேன். இன்னிக்கு வேற ஒண்ணு...”

பேசிக்கொண்டே இழையை நெருக்கும் பலகையை அடித்தவள் குனிந்து பார்த்தாள். கடைசிச் சில இழைகளில் கரை நூல் வந்து சேரவில்லை. உடல் மட்டும் தனியாக ஓடியிருந்தது.

“இன்னாங்க, நாடா எங்க? இப்ப இதப் பிரிக்கணும்.”

கமலக்கண்ணன் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“போன எடு தீபா,” என்றான். “நீ பாட்டுக்கு வுட்டுட்டுப் போயிட்ட. எனக்கு அது இன்னும் மேலயே நிக்குது. பந்து கீழ வந்தாத்தான் என் கையி ஓடும்.”