மணிக்கட்டில் மூன்று விரல்

"கட்டைவிரலுக்கு நேர் கீழக்கா. எலும்பு தட்டுப்படுதா? அதுக்கு உள்பக்கம். இன்னும் கொஞ்சம் கீழ."

தம்பி அறை வாசலில் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் தையல் மெஷினில் ஓடிய விரல்கள் அவை. நூல் அறப்போவது அறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். நாடிதான் பிடிபடவில்லை.

"சத்தமா எண்ணு."

"பத்து... பதினொண்ணு... இருடா, நழுவி நழுவிப் போகுது."

"மறுபடி முதல்லேருந்து எண்ணு."

"நீயே வந்து பாரேண்டா!"

தம்பி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான். இருபது வருஷம் டாக்டராக இருந்தவன் வாசற்படியைத் தாண்டாமல் நின்றான். கண் மட்டும் அப்பாவைத் தாண்டி ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது.

ஜன்னலுக்குத் திரை கிடையாது. மூச்சு வாங்க ஆரம்பித்த முதல் வாரமே, "காத்த மறைக்காதீங்க" என்று அப்பா அதைக் கழற்ற வைத்துவிட்டார். சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்க் கட்டிடத்தின் பால்கனி. அங்கே இருக்கும் அம்மாளுக்கு நாள் முழுக்கத் துணி வேலை. காயப்போடுவாள், மடிப்பாள், மடித்ததை உதறி மறுபடி காயப்போடுவாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், இதே கட்டிடத்தில் கீழ் மாடியில் இருந்த தம்பி வீட்டுக்கு அதிகாரிகள் நாலு பேர் வந்து தம்பியின் கம்ப்யூட்டரையும் கோப்புகளையும் அள்ளிக்கொண்டு போனதைச் செல்போனில் படம் பிடித்துத் தெரு முழுக்க அனுப்பியவள் அவள்தான். பத்தே நாளில் திரும்பி வருகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன தம்பி பெண்டாட்டி இன்னும் வரவில்லை. தம்பி மேலே அப்பா வீட்டுக்கே வந்து சேர்ந்தான்.

நடமாட முடியாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் கம்பெனி ஒன்றில் அவன் டாக்டர். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் பார்த்து, பார்த்தேன் என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் காட்டித்தான் கம்பெனி காப்பீட்டில் பணம் வாங்கும். ஆரம்பத்தில் எல்லா வீட்டுப் படியும் ஏறினான். நோயாளிகள் கூடக் கூட, நர்ஸ் போய் வந்து சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டான். அப்புறம் கேட்காமலே போட்டான். படிவங்கள் கட்டுக் கட்டாக வரும். சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கிறுக்கித் தள்ளுவான். அப்படி ஒரு படிவத்தில் இருந்த கிழவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "நேரில் பார்த்தேன். நிலைமை சீராக உள்ளது." கீழே அவன் கையெழுத்து. அரசுத் தரப்பு கோர்ட்டில் முதலில் நீட்டியதே அந்தத் தாளைத்தான்.

அப்பா அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உன் கையெழுத்து மருந்துக் கடைக்காரனுக்கே புரியாதேடா, இவங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?" மகனைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார். அவன் சிரிக்கவில்லை.

டாக்டர்கள் மேல் வரும் மோசடி வழக்குகளை மட்டுமே எடுக்கிற வக்கீலம்மா ஒருவர் கிடைத்தார். கெட்டிக்காரர், கறார் பேர்வழி. "நீங்க ஏமாத்தல. கம்பெனிய நம்பிப் போட்டீங்க. அதுதான் நம்ம வாதம். அது நிக்கணும்னா நான் சொல்றதக் கேக்கணும். லைசென்ஸ நிறுத்தி வெச்சிருக்காங்க. கோர்ட் சொல்ற வரைக்கும் நீங்க டாக்டர் இல்ல. மருந்துச் சீட்டு எழுதாதீங்க. ஸ்டெதாஸ்கோப்பத் தொடாதீங்க. யார் கையையும் புடிச்சுப் பல்ஸ் பாக்காதீங்க."

"வீட்ல அப்பா படுக்கைல இருக்காரு மேடம்."

"அப்பாவுக்கும்தான். அதுவும் நீங்க மாட்டியிருக்கிறதே வீட்டுல போய்ப் பாக்கிற கேஸ்ல. ஒரு போட்டோ போதும். ஜாமீன் காத்துல போயிடும்."

அன்று முதல் தம்பி அப்பாவைத் தொடவே இல்லை. வக்கீலம்மா சொன்னது ஒரு முழம் என்றால் இவன் பயம் ஒன்பது முழத்துக்கு நீண்டது. அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க, முதுகு துடைக்க, எல்லாவற்றுக்கும் அக்காதான். போன வாரம் ஒரு மத்தியானம் அப்பா அவனைப் பார்த்துக் கையை நீட்டினார். அவன் அந்தக் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தான். அப்பா குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அக்காவிடம் கொடுத்தார்.

இன்றைக்கு விடிந்ததிலிருந்து மூச்சு மாறியிருந்தது. நாலைந்து மூச்சு வேகமாக வரும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. அக்காவுக்கு அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் தன் மூச்சும் நின்றுவிடும். ஆஸ்பத்திரிப் பேச்சை அப்பா போன மாதமே முடித்துவிட்டார்: "இனிமே என் கட்டில்தான்."

"வக்கீலம்மாவுக்கு ஒரு போன் போடுக்கா" என்றான் தம்பி. "அப்பாவ நான் தொடலாமான்னு கேளு."

அக்காவுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவன் உதடு நடுங்கியது. போட்டாள். எடுத்தது ஜூனியர் பெண். "மேடம் வாதத்துல இருக்காங்க. பதினொன்றரைக்கு மேல கூப்பிடுங்க."

அப்போது பத்தரை.

பத்தேமுக்காலுக்கு அந்த ஒன்றுமில்லாத நேரம் முடியவே இல்லை. அக்கா காத்திருந்தாள். மணிக்கட்டில் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"ஒண்ணும் இல்லடா."

"நல்லாப் பாரு. சரியான இடத்துலதான் வெச்சிருக்கியா?"

"இல்லடா. ஒண்ணுமே இல்ல."

தம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அப்படியே திரும்பிக் கூடத்துக்குப் போய்த் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தான். அக்கா போர்வையை இழுத்து அப்பாவின் மார்புவரை மூடினாள். கதவைச் சாத்தினாள். அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. செத்த வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள். வந்தவர்கள் இவனைத்தான் பார்ப்பார்கள். டாக்டர் மகன் பக்கத்திலேயே இருந்தும் என்ன செய்தான் என்பார்கள். ஏதாவது செய்தான் என்று தெரிந்தாலோ, அதைவிடக் கேடு.

அத்தைக்குப் போன் செய்தாள். அத்தை அந்தப் பக்கம் ஓவென்று அழுது, இப்போதே பஸ் ஏறுகிறேன் என்று வைத்துவிட்டாள். அடுத்தது டாக்டர் சர்டிபிகேட். அதற்கு ஒல்லி இருந்தார். தம்பியோடு படித்தவர், வாரம் ஒருமுறை வந்து அப்பாவைப் பார்க்கிறவர். காலேஜில் வைத்த பெயர் அது. இப்போது வயிறு முதலில் வரும், அவர் பின்னால் வருவார். கிளினிக் அடுத்த தெருவில்தான்.

"அய்யோ, போயிட்டாராக்கா?" என்றார் ஒல்லி. குரல் உடைந்தது. பிறகு சொன்னார்: "இங்க வெளிய இருபது பேர் உக்காந்திருக்காங்க. நேரம் மட்டும் சொல்லுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆள்கிட்ட அனுப்பறேன். போன வாரம்தான் பாத்தேனே. சாயங்காலம் நேர்ல வரேன்."

அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. வாயைத் திறந்து நேரத்தைச் சொல்லப் போனாள். தம்பி எழுந்து வந்து போனைப் பிடுங்கினான்.

"டேய், நீ வந்து பாரு."

"நீதான் இருக்கியேடா. நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

"நான் பாக்கலடா."

ஒல்லிக்குப் புரியவில்லை. "என்னது?"

"நான் கிட்டயே போகல. அக்காதான் பாத்தா. நீ வா. வந்து தொட்டுப் பாத்துட்டு எழுது." அவன் கத்தினான். கத்திய பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கெஞ்சிக் கேக்கறேண்டா. இன்னொரு தாள் இப்படி வேண்டாம்."

கால் மணி நேரத்தில் ஒல்லி மாடிப்படி ஏறி வந்தார், மூச்சிரைக்க. தம்பியின் தோளைத் தட்டினார். கதவைத் திறந்து உள்ளே போனார். அக்கா பின்னாலேயே போனாள். அவர் டார்ச்சை எடுத்து இமையைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைப் போர்வைக்குள் விட்டு மார்பில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வினாடி முள் முழுச் சுற்று வந்தது. அவர் எடுக்கவில்லை.

பிறகு கண்ணைத் திறந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா... உயிர் இருக்கு."

அதைக் கேட்டது போல அப்பா ஒரு மூச்சு விட்டார். சின்ன மூச்சு. போர்வை அசைந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது.

அக்கா போர்வை மேல் கையை வைத்துப் பார்த்தாள். அத்தை பஸ் ஏறியிருப்பாள். தான் போனில் சொன்ன சாவை யாரிடம் போய்த் திரும்ப வாங்குவது? அதைவிட, கதவைச் சாத்திவிட்டு வந்தோமே. இந்த அரை மணி நேரம் அப்பா தனியாக உள்ளே இருந்தாரே. அவருக்குக் காது கேட்டிருக்குமா?

"நான் எழுதியிருப்பேன்" என்றார் ஒல்லி. யாரிடமும் சொல்லவில்லை. "நேரம் மட்டும் சொல்லியிருந்தா, எழுதியிருப்பேன்." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நேரம் தாங்காதுக்கா. ஆனா இன்னும் இருக்காரு."

தம்பி வாசலுக்கு வந்திருந்தான். எல்லாம் கேட்டுவிட்டது அவனுக்கு. கைகள் பழையபடி முதுகுக்குப் பின்னால் போயின.

அப்போதுதான் அக்காவின் போன் அடித்தது. வக்கீலம்மா. பின்னால் கோர்ட் வராந்தாவின் இரைச்சல்.

"என்னம்மா, ஜூனியர் சொன்னா. என்ன ஆச்சு?"

அக்கா சுவர் பக்கம் திரும்பி, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள். "அப்பாவுக்குக் கடைசி நேரம் மேடம். தம்பி அவரைத் தொடலாமா?"

"இதக் கேக்கவா காத்துட்டிருந்தீங்க? கையப் புடிச்சுக்கட்டும்மா. பெத்த அப்பா கையப் புடிக்க யார் வேண்டாம்னாங்க?" வக்கீலம்மாவின் குரல் மறுபடி கறாரானது. "ஆனா பல்ஸ் மட்டும் பாக்க வேண்டாம்னு சொல்லுங்க. கையப் புடிச்சா மகன். பல்ஸ் பாத்தா டாக்டர். யாராவது பாத்துப் படம் எடுத்துட்டா என்னால காப்பாத்த முடியாது."

அக்கா சொல்வதற்காகத் திரும்பினாள்.

தம்பி கட்டில் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். அப்பாவின் கை அவன் கைக்குள் இருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு மகன் அப்பாவின் கையைப் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான். கிட்டே நின்ற அக்காவுக்குத் தெரிந்தது. அவள் காலையெல்லாம் தேடிய இடத்துக்கு அரை விரல் தள்ளி அவன் மூன்று விரல்களும் உட்கார்ந்திருந்தன.

"இங்கதான்க்கா இருக்கு" என்றான், நிமிராமல். "இங்க இருக்கு பாரு."

அப்புறம் அவன் உதடுகள் அசைய ஆரம்பித்தன. சத்தம் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று அவளால் உதட்டைப் பார்த்தே படிக்க முடிந்தது.

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். எதிர்ப் பால்கனியில் அந்த அம்மாள் ஒரு படுக்கை விரிப்பை விரித்துப் பிடித்தபடி நின்றாள். கொடியில் போட மறந்து இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்புக்குப் பின்னால் ஒரு கையில் செல்போன் இருந்ததா, இல்லையா, தெரியவில்லை.

அக்கா கட்டிலைச் சுற்றிப் போய் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் அகல விரித்துக்கொண்டாள். வெயில் அவள் முதுகில் விழுந்தது. தம்பியின் முகம் அவள் நிழலுக்குள் போனது.

பதினான்கு. ரொம்ப நேரம் கழித்துப் பதினைந்து. ஒல்லி மூலையில் தலை குனிந்து நின்றார். அக்காவுக்குக் கை வலித்தது. இறக்கவில்லை. பதினாறு.

உதடுகள் நின்றன.

அவள் காத்திருந்தாள். ஒருமுறை ஏமாந்தவள், அதனால் ரொம்ப நேரம் காத்திருந்தாள். ஒல்லி வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, முள் முழுச் சுற்று வரும்வரை கேட்டார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி கையை எடுக்கவில்லை. மூன்று விரல்களும் மெல்ல நழுவி அப்பாவின் விரல்களுக்குள் போய்ச் சேர்ந்தன.

அக்கா முந்தானையை இறக்கினாள். ஜன்னலை விட்டு விலகி நின்றாள்.