கிழிந்த நோட்டுக் கவுண்டரில் ஒரு கடிதம்

மத்திய வங்கியின் பெங்களூர்க் கிளையில் என் வேலை, கறையான் தின்றதையும் எலி கடித்ததையும் நோட்டுதான் என்று நம்புவது. துண்டுகளைச் சேர்த்து, கட்டம் போட்ட தகட்டை மேலே வைத்து அளப்போம். பெரும்பகுதி மிச்சமிருந்தால் முழு மதிப்பு, குறைந்தால் பாதி, ரொம்பக் குறைந்தால் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் எந்தத் தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் எனக்கு வாசிக்க வராது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பக்கத்து நாற்காலி யாமினி. கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். வெள்ளிக்கிழமையோடு நாக்பூருக்கு மாற்றல். மூன்று வருடமாகச் சொல்லாததைக் கடிதமாக எழுதினேன். சட்டைப் பையில் வைத்தேன். சட்டையை வாஷிங் மெஷினில் போட்டேன். ஊரார் அஜாக்கிரதையை அளந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு இது வேண்டியதுதான்.

வெள்ளி மதியம். ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம். அதன் பச்சை வெளிச்சத்தில் கூடமே ஒரு குளத்தின் அடியில் இருப்பதுபோல மிதந்தது. கடிதத்தில் மிஞ்சிக் காய்ந்த ஒன்பது துண்டுகளையும் ஒரு கவரில் போட்டு, அவள் தட்டில் மற்ற கவர்களுக்கு நடுவே செருகினேன்.

பிரித்தாள். நோட்டில்லை என்று தெரிந்தும் அவள் கை நிற்கவில்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "கொண்டாந்தவரு எதிர்ல வரணும்."

சுற்றிக்கொண்டு வெளியே போய் வரிசையில் நின்றேன்.

"ஏன் சார், நீங்க லைன்லயா? சும்னே உள்ள போங்க," என்றார் செக்யூரிட்டி முனிராஜ், 'சும்மா'வைக் கன்னடமாக்கி.

"இன்னிக்கு நான் பப்ளிக்ப்பா."

எனக்கு முன்னால் மாவு டப்பாவோடு ஓர் அம்மா. பூச்சி அரித்த ஐந்நூறு. "பாதிதான்மா வரும்," என்று யாமினி சொல்ல, முணுமுணுத்தபடி ஒதுங்கி நின்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாமினி என்னைத் தெரியாதவள்போல நிமிர்ந்தாள். "சொல்லுங்க சார். எப்படிக் கிழிஞ்சது?"

"தொவைச்சுட்டேன்."

"படிச்சவருதானே?"

தகட்டை வைத்தாள். கட்டங்களை எண்ணினாள், உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள்போல. "'யாமினி, நீங்கள் நாக்பூர் போய்விட்டால் நான்' வரைக்கும் இருக்கு. அப்புறம் ஓட்டை. கீழ 'எத்திராஜ்'. பாதிதான் போட முடியும்."

"மிச்சத்த வாயால சொன்னா சேத்துப்பீங்களா?"

"ரூல்ல இல்ல. சொல்லுங்க, பாப்போம்."

பின்னால் வரிசையே ஓரடி நெருங்கி வந்தது.

"நானும் நாக்பூருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுக்கட்டுமா? உங்களக் கட்டிக்கணும்னு ஆசை."

விசிறிக் காற்றில் ஒரு துண்டு நகர்ந்தது. யாமினி அதை ஒற்றை விரலால் பிடித்தாள். ஒன்பதையும் மெல்லிய தாளில் ஒட்டினாள், ஓரம் மடங்காமல் தடவிவிட்டாள், தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"முழு மதிப்பு," என்றாள். குரல்தான் கொஞ்சம் நனைந்திருந்தது. "அடுத்தவங்க வாங்க."

மாவு டப்பா அம்மா மறுபடி கண்ணாடியருகே வந்துவிட்டார். "அந்தாளுக்கு மட்டும் முழுசா? என்னுதயும் ஒருவாட்டி நல்லாப் பாரும்மா!"