துப்பறிவாளரின் இடது காது

'ஓரக்கண்' தொடரின் ஹீரோவுக்குப் போலீஸ் உத்தியோகம் கிடையாது. போலீஸுக்கே புத்தி சொல்லும் உத்தியோகம். பிணம் கிடக்கும் அறைக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நுழைவார். அழுகிற மனைவியின் நகத்தில் ஒரு பார்வை, பூந்தொட்டியில் ஒரு பார்வை. அவ்வளவுதான். "கொன்னவன் இடதுகைக்காரன். மூணு நாளா தூங்கல. மாமியாரோட பேச்சுவார்த்தை இல்ல" என்பார். மூன்று அதிகாரிகள் வாயைப் பிளப்பார்கள்.

எவ்வளவு பிளந்தார்கள் என்பது நோட்டுக்குத் தெரியும். படப்பிடிப்பில் காட்சிகளின் தொடர்ச்சி பார்ப்பது அவள் வேலை. காலையில் எடுத்த காட்சியில் கோப்பை வலது கையில் இருந்தால், சாயங்காலம் எடுக்கும் மிச்சக் காட்சியிலும் அது வலது கையில்தான் இருக்க வேண்டும். பொத்தான், தலைவகிடு, மேசைமேல் இருக்கும் பேனாவின் மூடி என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். நாலு வருஷமாக அந்த நோட்டும் கையுமாக அலைந்ததில் அவள் பெயரே நோட்டு என்று ஆகிவிட்டது. நான்காவது சீசனின் கடைசி நாள் அது. அடுத்த சீசனுக்கு யார் யார் என்பதை ஹீரோதான் சொல்வார்.

எட்டுத் தடயத்தை ஒரே பார்வையில் மனசில் வாங்குகிற அந்த ஹீரோவுக்கு, எழுதிக்கொடுத்த இரண்டு வரி மனசில் நிற்காது. அதற்காக அவர் காதுக்குள் பயறு அளவில் ஒரு கருவி வைப்பார்கள். பலகைச் சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உதவி இயக்குநர் மைக்கில் வசனத்தைப் படிப்பான். அது காதில் விழும், அப்படியே வாயால் வெளியே வரும். நடுவில் மூளை என்ற நிறுத்தத்தில் வண்டி நிற்பதே இல்லை. செட்டுக்குள் நிற்கிற எல்லோருக்கும் இது தெரியும். வெளியே, துணி அறையில்கூட, ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

அன்றைக்குப் பார்த்து ஒரு பத்திரிகைக்காரி வந்திருந்தாள். நிஜத்திலும் ஹீரோ இத்தனை கூர்மையா என்று எழுத வேண்டுமாம். அவளுக்குக் குளிர்பானம் வாங்க உதவி இயக்குநரை அனுப்பிவிட்டார் தயாரிப்பாளரம்மா. அந்த நேரம் பார்த்து ஹீரோ தன் வலது காதைத் தடவினார். ஒன்றும் இல்லை. முகம் வெளிறிவிட்டது. அடுத்தது இரண்டு பக்க வசனம்.

"யாரும் அசையாதீங்க. என்னோட பொருள் ஒண்ணு காணோம்."

"என்ன பொருள் சார்?" பத்திரிகைக்காரி ஆர்வமாகப் பேனாவைத் திறந்தாள்.

"அதைச் சொன்னா விசாரணை கெட்டுடும்மா."

நோட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேமரா வலது பக்கம் மாறியதால் காலையில் கருவியை இடது காதுக்கு மாற்றியிருந்தார்கள். அவள் நோட்டிலேயே இருக்கிறது. மதியத்திலிருந்து முறைக்கிற காட்சிகளை மட்டுமே எடுத்ததால் காதில் யாரும் பேசவில்லை. அது அங்கே இருப்பதையே மனுஷன் மறந்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்..." என்று கிட்டே போனாள்.

"நோட்டு, எழுதறது உன் வேலை. கவனிக்கிறது என் வேலை."

போன வருஷம் இப்படித்தான் ஒரு பெண், வசனம் தப்பு என்று நாலு பேர் எதிரில் அவரிடம் சொன்னாள். மறுநாள் அவள் வரவில்லை. வரவிடவில்லை. நோட்டு பின்வாங்கினாள்.

ஹீரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சுவர்க் கடிகாரத்தின் முன் நின்றார். "நாலு இருபதுக்கு நின்னிருக்கு. திருடினவன் பதற்றத்துல இடிச்சிருக்கான்." கதைப்படி எப்போதும் நாலு இருபதாக இருக்க வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் நோட்டுதான் அதன் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தாள். தரையில் செம்மண் தடத்தைப் பார்த்தார். கலை இயக்குநர் மூட்டையில் வாங்கி வந்து தூவிய மண். தடம் போகிற வழியே போனால், துணி அறை வாசலில் இஸ்திரிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

இஸ்திரிக்காரர் நோட்டின் அக்கா புருஷன். ஏழு மாசம் வேலையில்லாமல் வீட்டுச் சுவரை முறைத்துக்கொண்டிருந்த மனுஷனை அவள்தான் கெஞ்சிக் கூத்தாடிப் போன வாரம் இங்கே சேர்த்துவிட்டாள்.

"ஷூவுல செம்மண். விரல்ல வெள்ளைத் தூள்" என்றார் ஹீரோ.

"அது கஞ்சி மாவு சார். உங்க சட்டைக்குப் போட்டது."

"ஏன் என் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கிற?"

"நீங்கதானே சார் யாரும் உங்க கண்ணைப் பார்க்கக்கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டியிருக்கீங்க?"

"பார்த்தீங்களா? எல்லாத்துக்கும் பதில் தயாரா வச்சிருக்கான். குத்தமில்லாதவன் திக்குவான்."

பத்திரிகைக்காரி வேகவேகமாக எழுதினாள். தயாரிப்பாளரம்மா நோட்டு பக்கம் திரும்பினார். "நீதானேம்மா இந்த ஆளைக் கூட்டிட்டு வந்தே? நல்லா இருக்கு லட்சணம். கேட்டைப் பூட்டச் சொல்லு. போலீஸ் வரட்டும்."

"அம்மா, இவர் என் அத்தான்மா. ஒரு குண்டூசியைக்கூட..."

"அத்தானா? அதான் தைரியம்."

இஸ்திரிக்காரர் மச்சினியைப் பார்த்தார். 'ஏதாவது சொல்லேன்' என்ற பார்வை. ஒரே ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் ஹீரோவின் மானம் நாளைக்குப் பத்திரிகையில் கப்பலேறும். அவள் வேலை அதற்கு முந்திய கப்பலில் போய்விடும், அத்தான் வேலையையும் ஏற்றிக்கொண்டு.

நோட்டு தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். இஸ்திரிக்காரர் முகம் தொங்கிப்போனதை அவள் பார்க்காமல் இல்லை.

அவள் நேராகப் போனது பலகைச் சுவருக்குப் பின்னால் இருந்த அறைக்கு. மைக் இருந்தது. எதிரே சின்னத் திரையில் செட் தெரிந்தது. அதன் பொத்தானை அழுத்தினாள்.

"சார், அசையாதீங்க."

திரையில் ஹீரோ ஒருமுறை துள்ளினார். நாலு வருஷப் பழக்கம் விடுமா? இஸ்திரிக்காரரைப் பார்த்து, கம்பீரமாக, "சார், அசையாதீங்க" என்றார்.

திருடனை ஹீரோ சார் என்கிறாரே என்று எல்லோரும் திகைத்தார்கள். இஸ்திரிக்காரர் சிலையாகிவிட்டார்.

"அது உங்க இடது காதுலதான் இருக்கு."

"அது உங்க இடது..." ஹீரோ சட்டென்று நிறுத்தினார்.

"இடது?" என்றார் தயாரிப்பாளரம்மா.

"இடது... கையைக் காட்டுய்யா."

இஸ்திரிக்காரர் இடது கையை விரித்தார். காய்ப்பும் சூட்டுத் தழும்பும் தவிர ஒன்றுமில்லை.

"இந்தக் கை சுத்தமான கைன்னு சொல்லுங்க."

"இந்தக் கை சுத்தமான கைன்னு சொல்லுங்க" என்றார் ஹீரோ. எல்லோரும் தயங்கித் தயங்கி, "சுத்தமான கை" என்று சொன்னார்கள். நோட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். இனி அவர் வாயிலிருந்து வர வேண்டிய வசனத்தை மட்டும்தான் மைக்கில் பேச வேண்டும்.

"இவர் மேல எந்தத் தப்பும் இல்ல."

"இவர் மேல எந்தத் தப்பும் இல்ல."

"தப்பு பண்ணது நான்."

ஹீரோ வாயைத் திறந்தார், மூடினார். நாலு வருஷத்தில் முதல்முறையாக மூளையில் வண்டி நின்றது.

"சொல்லுங்க சார். இல்லைன்னா நான் அங்கே வந்து எல்லார் முன்னாலயும் உங்க காதைத் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கும்."

இதை அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"தப்பு பண்ணது நான்" என்றார். நோட்டு விடவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க அண்ணே. அடுத்த சீசனும் நீங்கதான் எனக்கு இஸ்திரி போடணும்." அதையும் அப்படியே சொன்னார்.

அதற்கப்புறம் வந்தது அவருடைய சொந்தச் சரக்கு. பத்திரிகைக்காரி பக்கம் மெதுவாகத் திரும்பினார். "பார்த்தீங்களாம்மா? எதுவும் காணாமப் போகல. ஒரு ஏழை மேல எவ்வளவு சுலபமாப் பழி விழுது பாருங்க. அதைக் காட்டத்தான் இந்த நாடகம். நீங்க எல்லாரும் தோத்துட்டீங்க."

பத்திரிகைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. தயாரிப்பாளரம்மா கை தட்டினார். அம்மா தட்டினால் யூனிட் தட்டாமல் இருக்குமா? நோட்டு அறைக்குள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை எழுதி வைக்க அங்கே யாருமில்லை.

சாயங்காலம் ஹீரோ அவளைக் கடந்து போகும்போது, முகத்தைப் பார்க்காமல், "அடுத்த சீசன் மைக் உன்கிட்ட" என்றார். நன்றியா, பயமா என்று தெரியவில்லை. சென்ட் வாசனையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் அத்தான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அக்காவிடம் வரிவிடாமல் நடித்துக் காட்டினார்.

"என்னை அண்ணேன்னு கூப்பிட்டாரு. எவ்வளவு பெரிய மனுஷன்! என் கையைப் பார்த்து, சுத்தமான கைன்னு ஊரையே சொல்ல வச்சாரு. உன் தங்கச்சி இருக்காளே, போலீஸுன்னு சொன்னதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளியே ஓடிட்டா."

அக்கா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "ஏண்டி, கூடப் பொறந்தவ புருஷன்டி. ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

"பேசினேன்க்கா. பேசினதே நான்தான். அவர் காதுல சின்னதா ஒண்ணு இருக்கும். நான் மைக்ல சொல்லச் சொல்ல அவர் சொன்னாரு. அண்ணேன்னு சொல்ல வச்சதும் நான்தான்."

அத்தான் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"அந்த மனுஷன், ஒரு நகத்தைப் பார்த்து மாமியார் சண்டையைக் கண்டுபிடிக்கிறவரு. அவருக்கு நீ சொல்லிக் குடுத்தே?"

"நெஜமாவாடி?" அக்காவுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

"விடு விடு" என்றார் அத்தான், பெருந்தன்மையாக. "நாலு வருஷமா அடுத்தவங்க பொத்தானை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அவளுக்கும் ஆசை இருக்காதா? சாப்பாட்டைப் போடு."

அக்கா தங்கை தட்டில் கொஞ்சம் கூடுதலாகவே பரிமாறினாள், உடம்பு சரியில்லாத பிள்ளைக்குப் போடுவதுபோல.